நாற்பத்தொரு கைகள்

மயக்கத்தில், வயிறு திறந்த நிலையில் மேசைமேல் கிடந்த நாற்பத்தொரு பேரோடு நான் கைகுலுக்கியிருக்கிறேன். அவர்களும் திருப்பிக் குலுக்கினார்கள். அதில் ஒருவர் குலுக்கிய குலுக்கில் என் மோதிர விரல் மூன்று நாள் வீங்கிக் கிடந்தது.

அக்கம்பக்கத்தில் இதை யாரும் நம்பியதில்லை. தப்பு என்னுடையதுதான். ஓய்வுபெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. இந்தக் குடியிருப்பின் மாடிப்படியில் ஏறி இறங்குகிற அத்தனை பேரையும் நிறுத்திவைத்து அளந்திருக்கிறேன். என் குரலைக் கேட்டே பாதி நோயாளிகள் தூங்கிவிடுவார்கள், மருந்தெல்லாம் பேருக்குத்தான் என்பேன். எங்கள் அறுவை மருத்துவர் கத்தியை வைப்பதற்கு முன்பே தையல் போட்டு முடித்துவிடுகிற வேகக்காரர் என்பேன். ஆஸ்பத்திரியில் எனக்குத் 'தாலாட்டு' என்று பெயர். வீட்டுக்கு யார் வந்தாலும் காபியை நீட்டும்போதே என் மனைவி எச்சரித்துவிடுவாள்: "இவர் சொல்றதுல பாதியக் கழிச்சிடுங்க. மிச்சத்துல பாதிய மறந்துடுங்க. அப்புறமும் ஏதாவது இருந்தா எங்கிட்ட வந்து கேளுங்க."

இப்போது நம் மயக்க மருந்து நிபுணர்கள் சங்கத்தின் விசாரணைக் குழு, நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொல்லியிருக்கிறது. செயலாளர் சொன்னது உங்கள் கோப்பில் ஏற்கெனவே இருக்கும். இது என் பங்கு. இதில் ஒரு சொல்கூடக் கூட்டப் போவதில்லை. விரல் வீங்கியிருந்தது மூன்று நாள் இல்லை, இரண்டு நாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். பதவியில் பெரியவர், ஆனால் என் மாணவி. மேற்படிப்புக் காலத்தில் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் 'ஒரு சந்தேகம் சார்' என்று கையைத் தூக்குவாள். அதனால் 'சந்தேகம்' என்றே கூப்பிட்டோம். எனக்கு மகள் மாதிரி. ஆகவே இங்கேயும் அவள் என்றே எழுதுகிறேன், குழு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கையில் ஒரு படிவம் கொண்டுவந்திருந்தாள். இளம் மயக்க மருத்துவர்களுக்குச் சங்கம் ஆண்டுதோறும் கொடுக்கிற ஆராய்ச்சி நிதிக்கு என் பெயரை வைக்கப் போகிறார்களாம். என் சம்மதக் கையெழுத்து மட்டும் பாக்கி. நான் பேனா மூடியைக் கழற்றினேன். பிறகு திரும்பவும் மூடினேன்.

"போடறேம்மா. அதுக்கு முன்னாடி நீ ஒரு வார்த்த சொல்லணும்."

"என்ன சார்?"

"அந்த நாப்பத்தொண்ணும் நிஜம்னு சொல்லு. போட்டுடறேன்."

அவள் சிரித்தாள். "இன்னுமா சார் அது?"

"இருபத்தாறு வருஷமா அது ஒண்ணுதாம்மா."

விஷயம் இவ்வளவுதான். என் ஆய்வுக் கட்டுரையைச் சங்கமே எழுந்து நின்று பாராட்டியது. பாடப் புத்தகத்தில் ஏறிவிட்டது. இத்தனை பெரிய சங்கத்தில் ஒரே ஒருத்திதான் அதை நம்பவில்லை. அந்த ஒருத்தியின் வாயிலிருந்து 'ஆமாம், நடந்தது' என்று வராமல் நான் செத்தால் எனக்குக் கண் மூடாது. கண் மூடவைப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு அது எவ்வளவு அவமானம் என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் நன்றாக முடிந்தால் அறுவை மருத்துவர் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டாரெல்லாம் அழுவார்கள். எங்கள் முகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஞாபகம் இருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் வேலையே. ஆகவே எங்களுக்கு உள்ள ஒரே மரியாதை சங்கத்தின் ஆராய்ச்சி நிதிதான். வருடத்துக்கு ஒருவருக்கு. ஆண்டு மாநாட்டில் மேடையேற்றிப் பெயரை வாசிப்பார்கள். நான் மூன்று முறை விண்ணப்பித்தேன். முதல் தடவை 'புதுமை போதாது' என்று திருப்பினார்கள். இரண்டாம் தடவை 'புதுமை சற்று அதிகம்' என்று திருப்பினார்கள். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரித் துறைத் தலைவரோ, ஆபரேஷனுக்குப் பின் வரும் வாந்தியைப் பற்றி எழுதியே இரண்டு முறை வாங்கிவிட்டார். மனிதர் எதிரில் வந்தால் எனக்கே குமட்டும்.

மூன்றாம் தடவை கிடைத்தது. தலைப்பு, ஆபரேஷன் நடுவே நோயாளி விழித்துக்கொள்வதைக் கண்டுபிடிப்பது. நாங்கள் தூங்கவைக்கிறோம். அதோடு தசைகளைத் தளர்த்தும் ஊசி ஒன்றும் போடுகிறோம். அந்த ஊசி ஏறிவிட்டால் இமையைக்கூட அசைக்க முடியாது. மூச்சையே இயந்திரம்தான் விடும். இந்த நிலையில் தூக்கம் மட்டும் கலைந்தால், மனிதர் கட்டை மாதிரிக் கிடந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். யாருக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. தளர்த்தும் ஊசியைப் போடுவதற்கு முன், ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை வலது கையில் கட்டி இறுக்கிவிட வேண்டும். மருந்து அந்தக் கைக்குள் இறங்காது. உடம்பு முழுதும் ஓய்ந்துபோனாலும் அந்த ஒரு கை மட்டும் கொஞ்ச நேரம் உயிரோடிருக்கும். பிறகு அந்தக் கைக்குள் என் விரல்களை வைத்து, காதருகே குனிந்து, பெயரைச் சொல்லி, 'நான் பேசுறது கேட்டா என் விரலை அழுத்துங்க' என்பேன். அழுத்தினால் விழித்திருக்கிறார். 'வலிச்சா ரெண்டு தடவ அழுத்துங்க' என்பது அடுத்த கேள்வி. நான் கைகுலுக்கல் என்று சொல்வது இதைத்தான்.

முதல் அரை வருடத்தில் அறுபது பேரிடம் கேட்டேன். ஒருவர்கூட அழுத்தவில்லை. என் மயக்கம் அப்படி. என் கைத்திறமையே எனக்கு எதிரியாகிவிட்டது. சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: 'நிகழ்வு எதுவும் பதிவாகாத நிலையில், ஆய்வை இரண்டாம் ஆண்டுக்கு நீட்டிப்பதை மறுபரிசீலனை செய்ய நேரிடும்.' மாநாட்டில் வாந்திக்காரர் என் தோளில் தட்டி, "என்னய்யா, ஒருத்தரும் எந்திரிக்க மாட்டேங்கறாங்களாமே?" என்று விசாரித்தார்.

நான் நிதானமாக யோசித்தேன். புகை வந்தால் அடிக்கிற மணியை வீட்டில் மாட்டுகிறோம். வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? தீப்பிடிக்கும் வரை காத்திருப்பது பொறுப்பில்லாத காரியம். ஒரு காகிதத்தைக் கொளுத்திக் காட்டத்தான் வேண்டும்.

ஆகவே மயக்க வாயுவின் டயலைக் கீழே இறக்கினேன்.

இதையெல்லாம் அவளிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்த இடத்திலும் அவள் சிரிப்பதை நிறுத்தவில்லை. "சார், உங்க அளப்புக்கு ஒரு அளவு வேணாமா? கிராண்ட் படிவத்துல கையெழுத்து கேட்டா, கொலக் கதை சொல்றீங்க."

"கொலை எங்கம்மா வந்துச்சு? ஒருத்தரும் சாகலயே."

"ஆண்ட்டி, சாருக்கு இன்னிக்கு மாத்திரை குடுத்தீங்களா?"

சமையலறையிலிருந்து என் மனைவி, "பாதியக் கழிச்சிடும்மா" என்றாள்.

அதனால் விளக்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. வழக்கமான அளவில் பாதிக்கு இறக்கினேன். வலி மருந்தை முழுதாகக் கொடுத்தேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் வலி மருந்து நிறைய ஏறினால் தூக்கமும் கெட்டிப்பட்டுவிடும். அதனால் அதையும் குறைத்தேன். எங்கள் தியேட்டரில் மயக்க இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். சரியாக எட்டு மணிக்கு வருவார், அதனால் எட்டுமணி என்று பெயர். முதல் நாளே, "சார், டயல் கீழ இருக்கு" என்றார். தெரியும் என்றேன். இரண்டாம் நாளும் சொன்னார். மூன்றாம் நாள் சொல்லவில்லை. அந்த மாதமே சலவைப் பிரிவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். நல்ல தொழிலாளி. துணி துவைக்கிற இடத்தில் அவருக்கு என்ன கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

முதலில் அழுத்தியவர் ஒரு லாரி ஓட்டுநர். குடலிறக்கம். ஸ்டியரிங் பிடித்த கை. என் விரல் வீங்கியது அவரால்தான். ஒரு தடவை அழுத்தினால் தற்செயல் என்று நிதிக் குழு சொல்லிவிடும். ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அழுத்தினார். வலிக்கிறதா என்றதற்கு இரண்டிரண்டாக அழுத்தினார். கணக்குத் தப்பவே இல்லை. எல்லாமாகச் சேர்த்து நாலு நிமிடம். ஒரு காபி ஆறுகிற நேரம். பிறகு டயலை ஏற்றிவிட்டேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன்.

பிறகு ஒரு பள்ளி ஆசிரியை. வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' என்கிற மாதிரி அளவாக, ஒழுங்காக அழுத்தினார். ஒரு தையல்காரர், நுனிவிரலால். சிலருக்குக் கண்ணில் நீர் வழியும். இமைமேல் ஒட்டியிருக்கும் டேப் நனைந்து கழன்றுவிடும். அதையும் வீணாக்கவில்லை. பதிவுத் தாளில் கண்ணீருக்கு ஒரு கட்டம் சேர்த்தேன். அந்தக் கட்டத்தைத்தான் பின்னால் கட்டுரைக்கு விருது கொடுத்த குழு தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியது.

ஒரு அம்மாள் மட்டும் அழுத்தவில்லை. பிடித்துக்கொண்டார். நான் கையை எடுக்கப் பார்த்தால் விடவில்லை. பதிவுத் தாளில் அழுத்தத்துக்குத்தான் கட்டம் இருந்தது, பிடித்துக்கொள்வதற்கு இல்லை. யோசித்துப் பார்த்து, 'ஆம்' என்று எழுதினேன்.

ஒவ்வொருவருக்கும் முடிந்ததும் மறதி ஊசி ஒன்று போடுவேன். அந்த ஊசி அதற்குப் பிறகு நடப்பதைத்தான் மறக்கவைக்கும், முன்னால் நடந்ததைத் தொடாது. முதலாம் ஆண்டு மாணவனுக்கே இது தெரியும். இருந்தாலும் போட்டேன். என்னை இரக்கமில்லாதவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

அடுத்தது கேள்வி கேட்கும் கட்டம். கண் விழித்ததும் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை. தூங்குவதற்கு முன் கடைசியாக என்ன ஞாபகம் இருக்கிறது, விழித்ததும் முதலில் என்ன ஞாபகம், நடுவே ஏதாவது ஞாபகம் உண்டா. மயக்கம் கொடுத்தவரே இதைக் கேட்கக் கூடாது, சம்பந்தமில்லாத வேறொருவர் கேட்க வேண்டும் என்பது சங்கத்தின் நிபந்தனை. ஒரு நர்ஸைப் போட்டுப் பார்த்தேன். பஸ் நேரம் சொல்கிற மாதிரி மளமளவென்று ஒப்பிப்பார். யார் வாயைத் திறப்பார்கள்? நான் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசினால் ஊமையும் கதை சொல்லும். ஆகவே நானே கேட்டேன். இந்த விதிமீறலை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். மற்றவற்றோடு வைத்துப் பார்த்தால் சின்னதுதான்.

நாற்பத்தொரு பேரும் மூன்று தடவையும் ஒரே பதில்தான் சொன்னார்கள். 'ஒண்ணுமில்ல டாக்டர்.' ஓட்டுநர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆசிரியை போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சொன்னார். என் கட்டுரையின் முடிவுரையே அதுதான்: விழிப்பு வருகிறது, கை அதைச் சொல்கிறது, ஆனால் மனதில் எதுவும் தங்குவதில்லை. யாருக்கும் நஷ்டமில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஓட்டுநர் இரண்டு மாதம் கழித்து வந்து, மல்லாந்து படுக்கவே முடியவில்லை, யாரோ மேலே உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியைக்கு மறு வருடம் இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டது. மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றார். மூன்று பிள்ளைகள் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் கையெழுத்துப் போடவில்லை. அந்த வியாதியிலேயே போய்ச் சேர்ந்தார். படித்தவர்களுக்கே இப்படிப் பிடிவாதம் இருந்தால் மருத்துவம் என்ன செய்யும்?

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வரும்போது அவள் எப்போது சிரிப்பை நிறுத்தினாள் என்று கவனிக்கவில்லை. பார்த்தபோது காபியில் ஆடை படிந்திருந்தது. அவள் முகம் பாடம் கேட்கிற முகமாக மாறியிருந்தது.

"கேள்வி கேளும்மா. உனக்குத்தான் சந்தேகம் வருமே."

அவள் கேட்கவில்லை. அன்றைக்கு மட்டும் கேட்டாளே. நான் விருது வாங்கிய மாநாட்டில், கைதட்டல் அடங்கும் முன்பே கடைசி வரிசையில் எழுந்து நின்றாள். அப்போது படிப்பை முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "ஒரு சந்தேகம் சார். அது விழிப்பே இல்லாம, வெறும் அனிச்சையா இருக்கலாமே? தூங்கற குழந்த கையில விரல வச்சா அதுவும்தானே பிடிக்கும்?" சபையே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அதையே பிடித்துக்கொண்டாள். அது அனிச்சைதான் என்று நிரூபிக்கச் சங்கத்திடமே இரண்டு முறை ஆராய்ச்சி நிதி வாங்கினாள். நிதிக் குழுவில் நான் இருந்தேன். இரண்டு முறையும் நானே சிபாரிசு செய்தேன். எதிராளிக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் அல்லவா? பத்து வருடம் மாடாக உழைத்தாள். இரண்டு ஆய்விலும் தெளிவான முடிவு வரவில்லை. பிறகும் விடவில்லை. எந்தக் கூட்டத்தில் பார்த்தாலும், 'அனிச்சைதான் சார், அனிச்சையாத்தான் இருக்கணும்' என்பாள். ஒரு பெண்ணுக்கு ஒரு கருதுகோள்மீது இத்தனை பற்று இருந்து நான் பார்த்ததில்லை.

அதனால்தான் கடைசிச் சீட்டை இறக்கினேன்.

"அனிச்சையா இருக்கவே முடியாதும்மா. எவ்வளவு முழிப்பு இருக்கணும்னு முடிவு பண்ணி, நானே அளந்து வச்சேன். அளந்த அளவுக்கு முழிப்பு வந்துச்சு. ஏத்தினா அடங்கிச்சு. எறக்கினா திரும்ப வந்துச்சு. இதவிட என்ன ஆதாரம் வேணும்? உன்னையே எடுத்துக்கோ."

"என்னையா?"

"அந்த நாப்பத்தொண்ணுல நீ இருபத்தெட்டு."

அவள் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது குடல்வால் ஆபரேஷனுக்காக எங்கள் தியேட்டருக்கே வந்தாள். ஆய்வுப் படிவத்தை நீட்டினேன், கையெழுத்துப் போட்டாள். துறைத் தலைவரான நானே நீட்டினால் எந்த மாணவி மாட்டேன் என்பாள்? படிவத்தில் பட்டையைப் பற்றி இருந்தது, கேள்விகளைப் பற்றி இருந்தது. டயலைப் பற்றி இல்லை. மகள் மாதிரி என்பதால் வேறு யாரையும் விடாமல் நானே மயக்கம் கொடுத்தேன்.

"உனக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கீழ வச்சேன்," என்றேன். "டாக்டராச்சே, பதில் தெளிவா வரும்னு. வந்துச்சு. மூணு தடவயும் வந்துச்சு. கண்ணீர்க் கட்டத்துலயும் 'ஆம்'தான்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. என் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். பாதியைக் கழிக்கச் சொல்லவில்லை.

அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். நான்காக மடித்தாள். பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஒரு மடிப்புகூடக் கோணவில்லை. நல்ல பயிற்சி பெற்றவள்.

"டயல் தானா எறங்கிருச்சுன்னு நெனச்சேன் சார்," என்றாள். "மெஷின் கோளாறுன்னு நெனச்சேன். அப்புறம் கனவுன்னு நெனச்சேன். அப்புறம்தான் அனிச்சைன்னு நெனச்சேன். மத்த நாப்பதும் அனிச்சைன்னு ஆயிட்டா, என்னோடதும் அப்படியே ஆயிடும் இல்லயா? அதுக்குத்தான் ரெண்டு கிராண்ட்."

"இப்ப என்னம்மா சொல்ற?"

"நிஜம் சார். நடந்துச்சு. மொதல் தடவ, நீங்க இருக்கீங்க, பாத்துப்பீங்கன்னு அழுத்தினேன். மத்த ரெண்டு தடவயும் வலிக்குதுன்னு அழுத்தினேன். நாப்பத்தொண்ணும் நடந்திருக்கும்."

இருபத்தாறு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. கேட்டதும் மனம் குளிர்ந்தது என்பதை இந்தக் குழுவிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆராய்ச்சிக்காரனுக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் அடுத்த முடிச்சுத்தான் கண்ணில் படும். இவளுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அப்படியானால் என் முடிவுரை இடிக்கிறது. மற்றவர்களை நினைத்துப் பார்த்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஓட்டுநர். போர்வையை இழுத்துக்கொண்ட ஆசிரியை. அவள் வாசல்வரை போய்விட்டாள். நான் எழுந்து பின்னாலேயே போனேன்.

"ஒரு நிமிஷம்மா. ஞாபகம் இருந்துச்சுன்னா, அப்புறம் ஏன் மூணு தடவயும் 'ஒண்ணுமில்ல சார்'னு சொன்ன?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கேட்டது நீங்கதானே சார்."